இதயம் அலறுவதற்கு முன் நாளம் என்ன சொல்கிறது?

நுரையீரல் தமனி உயர் அழுத்த நோயாளிகளுக்கு இன்று மருத்துவமனைகளில் வழக்கமாகப் பார்க்கப்படும் ரத்தக் குறியீடு ஒன்றே ஒன்றுதான்: பிஎன்பி குடும்பத்துப் புரதம். நோய் இருப்பது நுரையீரலின் நுண்தமனிகளில். அந்தக் குறியீடு சுரப்பதோ இதயத்தில். ஒரு வீட்டில் தீப்பிடித்ததை அடுத்த வீட்டுக்காரரின் கூக்குரலை வைத்துத் தெரிந்துகொள்வதைப் போன்ற நிலை இது. பற்றிக்கொண்ட வீட்டிலிருந்தே நேரடியாக ஒரு தகவல் வராதா என்ற தேடல்தான் இந்த நோய்க்கான பயோமார்க்கர், அதாவது நோயைக் காட்டும் குறியீடு பற்றிய ஆராய்ச்சி.

கையில் பட்டை கட்டி அளக்கிறோமே, அந்த ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. இதயத்தின் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் ஓய்வு நிலையில் சராசரி அழுத்தம் சுமார் 14 மி.மீ. பாதரசம்தான் இருக்கும். உடல் முழுவதற்கும் ஓடும் அதே அளவு ரத்தம் நுரையீரல் வழியாகவும் ஓடுகிறது. ஆனாலும் அங்கே அழுத்தம் இவ்வளவு குறைவு. காரணம், அந்த நாளங்கள் மெல்லியவை, நெகிழ்வானவை, எண்ணற்றவை. இந்த நோயில் அவற்றின் உட்சுவர்ச் செல்கள் முறை தவறிப் பெருகுகின்றன, தசைச்சுவர் தடிக்கிறது, குழாயின் உள்விட்டம் சுருங்குகிறது. சில நாளங்கள் முழுவதுமாக அடைபட்டே போகின்றன. வலது கீழறை கூடுதல் சுமையைத் தள்ளித் தள்ளி முதலில் தடித்து, பிறகு விரிந்து, கடைசியில் ஓய்ந்துபோகிறது. நோயாளியின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டம்தான்.

நோயை உறுதிசெய்ய இன்றும் ஒரே வழி வலது இதய கதீட்டர் பரிசோதனை. கழுத்து அல்லது கை, தொடை ரத்த நாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனிக்குள் வைத்து அழுத்தத்தை அளக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக 25 என்றிருந்த வரம்பு 2018இல் உலக மாநாடு ஒன்றின் பரிந்துரைப்படி 20 ஆக இறக்கப்பட்டது. 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது: சராசரி அழுத்தம் 20க்கு மேல், நுரையீரல் நாளத் தடை 2 வுட் அலகுக்கு (ரத்த ஓட்டத்துக்கு நாளம் தரும் எதிர்ப்பை அளக்கும் அலகு) மேல், இடது பக்க அழுத்தத்தைக் காட்டும் அளவு 15க்கு மிகாமல். மூன்றாவது நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. இடது இதயக் கோளாறாலும் நுரையீரலில் அழுத்தம் ஏறும். எண்ணிக்கையில் அதுதான் மிக அதிகம். நாம் பேசும் நோய் வேறு, மருந்தும் வேறு.

மூச்சு வாங்கும் ஒவ்வொருவருக்கும் கதீட்டர் போட முடியாது. அதனால் எக்கோ பார்க்கும் வரை, பிறகு சிறப்பு மையத்துக்கு அனுப்பும் வரை, காலம் ஓடுகிறது. மூச்சிரைப்பு ஆஸ்துமா எனப்படுகிறது, ரத்தசோகை எனப்படுகிறது, மனப்பதற்றம் எனப்படுகிறது. நோயாளிகளில் பெண்களே அதிகம், அவர்களிலும் இளவயதினர் பலர் என்பதால் 'மனப்பதற்றம்' என்ற சொல் எத்தனை பேரின் மாதங்களை விழுங்கியிருக்கும் என்று எண்ணும்போது வருத்தம் மிகுகிறது. 1980களில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நடத்திய பதிவேட்டில், அறிகுறி தொடங்கி நோய் உறுதியாகும் வரை சராசரியாக 2 ஆண்டுகள் ஆயின. நோய் உறுதியான பின் பாதிப் பேர் 2.8 ஆண்டுகளைத் தாண்டவில்லை. அதன்பின் 1995இல் எபோப்ரோஸ்டெனால், 2001இல் போசென்டான், 2005இல் இதே நோய்க்காக சில்டெனாஃபில், 2024இல் சோடாடெர்செப்ட் என அமெரிக்க ஒப்புதல் பெற்ற மருந்துகள் வரிசையாக வந்துவிட்டன. ஆயுள் கூடியிருக்கிறது. கண்டுபிடிப்பதில் உள்ள தாமதம் மட்டும் பெரிதாகக் குறையவில்லை.

இதயத்தின் குரல்

1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து ஒரு சிறு புரதத் துண்டைப் பிரித்தெடுத்தனர். சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றும் தன்மை அதற்கு இருந்தது. மூளையில் கிடைத்ததால் பெயரிலும் மூளை ஒட்டிக்கொண்டது. பிஎன்பி (BNP) என்பதில் உள்ள முதல் 'பி' அதுதான், மூளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. மனிதரில் அதை முதன்மையாகச் சுரப்பது இதயத்தின் கீழறைகள் என்பது பின்னரே தெரிந்தது. கீழறைத் தசை இழுபடும்போது 108 அமினோ அமிலம் கொண்ட மூலப் புரதம் இரண்டாக வெட்டப்படுகிறது. 32 அமினோ அமிலம் கொண்ட பிஎன்பி வேலை செய்யும் துண்டு. 76 அமினோ அமிலம் கொண்ட என்டி-புரோபிஎன்பி உடலுக்குள் வேலை எதுவும் செய்வதாகத் தெரியாத மிச்சத் துண்டு. ஆய்வகத்துக்கு அந்த மிச்சம்தான் வசதி. பிஎன்பி சுமார் 20 நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். என்டி-புரோபிஎன்பி அதைவிட நீண்ட நேரம் ரத்தத்தில் நிலைத்திருக்கும், குழாயில் எடுத்துவைத்த பிறகும் எளிதில் சிதையாது.

2022 வழிகாட்டுதலின்படி என்டி-புரோபிஎன்பி லிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைந்த ஆபத்து, 1100க்கு மேல் போனால் அதிக ஆபத்து. இதை மட்டும் தனியே பார்ப்பதில்லை. 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார், அன்றாட வேலையில் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்பவற்றோடு சேர்த்தே பார்க்கிறார்கள். சிகிச்சை தொடங்கிய பின் இந்த அளவு இறங்குகிறதா என்று தொடர்ந்து கவனிப்பதில் இதன் பயன் மிகப் பெரியது. ஏற்கெனவே நோய் உறுதியான ஒருவரின் வலது இதயம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு சொட்டு ரத்தம் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்வது எளிதில் கிடைக்காத வரம். அதனால் இந்தக் குறியீட்டை மட்டமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கேட்கும் கேள்வியை மாற்றினால் அது தடுமாறுகிறது. வயது கூடினால் இந்த அளவு ஏறும். சிறுநீரகம் மந்தமானால் ஏறும். இடது இதயம் பழுதானால் ஏறும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினால் ஏறும். உடல் பருமன் இருந்தால் இறங்கும். இதயச் செயலிழப்புக்கான சகுபிட்ரில் என்ற மருந்து பிஎன்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால் பிஎன்பி உயரும். என்டி-புரோபிஎன்பியை அந்த நொதி தொடுவதில்லை என்பதால் அது பொய்யாக உயராது. இவை எல்லாவற்றையும் விட அடிப்படையான குறை வேறொன்று உண்டு. நுரையீரலுக்குக் கையிருப்பு அதிகம். நுண்தமனிகளில் பாதிக்கு மேல் பழுதான பிறகே ஓய்வு நிலையில் அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. அழுத்தம் ஏறி, கீழறை இழுபட்டு, அதன்பின்தான் இந்தப் புரதம் கூடுகிறது. அதாவது, இது அலறும்போது நாளங்களில் பெரும் சேதம் முடிந்திருக்கும்.

யாருடைய ரத்தம் என்பதே முதல் கேள்வி

சரி, இதைவிடக் கூர்மையான பரிசோதனை ஒன்று நாளையே வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 100 பேரில் 95 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விலக்குகிறது. கேட்கவே நன்றாக இருக்கிறது. இந்த நோய் 10 லட்சம் பெரியவர்களில் ஏறக்குறைய 50 பேருக்கு இருக்கிறது. லட்சத்துக்கு 5 பேர். லட்சம் பேருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்தால் அந்த 5 பேரும் பெரும்பாலும் சிக்குவார்கள். கூடவே நோய் இல்லாத சுமார் 5000 பேருக்கும் 'இருக்கிறது' என்று வரும். ஆயிரத்தில் ஒருவருக்காக ஆயிரம் பேரை கதீட்டர் மேசைக்கு அனுப்புவது மருத்துவம் ஆகாது.

அதே பரிசோதனையை ஸ்கிளீரோடெர்மா எனும் தோல் இறுக்க நோய் உள்ளவர்களிடம் செய்து பாருங்கள். அவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்த நோய் வருகிறது. 1000 பேரில் 100 நோயாளிகள். 95 பேர் கண்டுபிடிக்கப்படுவார்கள். தவறாகச் சிக்குபவர்கள் 45 பேர் மட்டுமே. பரிசோதனை அதேதான், வேதியியலும் அதேதான். கேட்கப்பட்ட ஆட்கள் மாறியதும் அதன் மதிப்பு தலைகீழாகிவிட்டது. புதிய பயோமார்க்கர் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் இதைத்தான் நான் முதலில் தேடுவேன்: யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? நோயாளிகளை நல்ல உடல்நலம் உள்ள தன்னார்வலர்களோடு ஒப்பிட்டால் எந்தப் புரதமும் வேறுபட்டுத்தான் தெரியும். மருத்துவர் முன் வந்து உட்காருபவரோ ஏற்கெனவே மூச்சு வாங்குபவர். ஒப்பிட வேண்டியது அவரைப் போன்ற மற்றவர்களோடு.

இந்தப் பாடத்தை முறையாகச் செயல்படுத்தியது 2014இல் வெளியான டிடெக்ட் ஆய்வு. தோல் இறுக்க நோய் 3 ஆண்டுகளுக்கு மேல் உள்ள, நுரையீரலின் வாயுப் பரிமாற்றத் திறன் 60 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கிய 466 பேரை எடுத்து, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவருக்கும் கதீட்டர் செய்தனர். 19 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. பிறகு பின்னோக்கிப் பார்த்து, எந்தத் தகவல்கள் இவர்களைக் காட்டிக்கொடுத்திருக்கும் என்று கணக்கிட்டனர். மூச்சுச் சோதனையின் விகிதம், தோலில் தெரியும் நுண்நாள விரிவுகள், சென்ட்ரோமியர் எதிர்ப்பொருள் (உடல் தன் செல்களுக்கு எதிராகவே உருவாக்கும் ஒரு புரதம்), இசிஜியில் அச்சு விலகல், இவற்றோடு ரத்தத்தில் என்டி-புரோபிஎன்பியும் யூரிக் அமிலமும் முதல் படியில் இடம்பிடித்தன. எக்கோ இரண்டாம் படி. அன்றைய வழக்கமான முறை 29 விழுக்காட்டு நோயாளிகளைத் தவறவிட்ட இடத்தில் இது 4 விழுக்காட்டினரை மட்டுமே தவறவிட்டது.

யூரிக் அமிலம் இந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஆற்றல் மூலக்கூறுகள் சிதைந்து யூரிக் அமிலம் கூடுகிறது. இதயம் தளர்ந்து சிறுநீரக ஓட்டம் குறையும்போது அது வெளியேறுவதும் குறைகிறது. அது எந்த நோய்க்கும் சொந்தமில்லாத பொதுவான சான்று, நீர் பிரிக்கும் மாத்திரையாலும் ஏறிவிடும். தனியே நின்றால் செல்லாது. சரியான கூட்டத்தில் சேர்ந்தால் சாட்சியாகிறது.

நாளத்திடமே கேட்டபோது

எண்டோதீலின் கதையிலிருந்து தொடங்கலாம். இதுவும் 1988, இதுவும் ஜப்பான். நாள உட்சுவர்ச் செல்களே சுரக்கும், நாளங்களை மிகக் கடுமையாகச் சுருக்கும் பொருள் அது. 1990களின் தொடக்கத்தில் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் அது கூடியிருப்பது தெரிந்தது. நுரையீரல் வழக்கமாகத் தன் வழியே போகும் எண்டோதீலினில் ஏறத்தாழ பாதியை வடிகட்டிவிடும். நோயுற்ற நுரையீரலோ சிலரிடம் வடிகட்டுவதை விட்டுவிட்டு வெளியே விடத் தொடங்கியிருந்தது. இதைவிடப் பொருத்தமான பயோமார்க்கர் இருக்க முடியுமா? செல்லின் மேல் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியை அடைக்கும் போசென்டான் மருந்தாகவே வெற்றி பெற்றது. ஆனால் அன்றாடப் பரிசோதனையாக எண்டோதீலின் நிலைக்கவில்லை. மருந்து கொடுத்ததும், ரத்தத்திலிருந்து எண்டோதீலினை அகற்றும் ஏற்பியும் அடைபடுவதால், நோயாளி தேறும்போதே ரத்த அளவு கூடுகிறது. தவிர, அச்செல்கள் அதைப் பெரும்பாலும் தசைப் பக்கமாகவே விடுகின்றன. ரத்தத்தில் தெரிவது வழிந்த மிச்சம்.

இன்டர்லூக்கின்-6 இன்னொரு பாடம். இந்த அழற்சிப் புரதம் கூடியிருப்பவர்களின் ஆயுள் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. ஆகவே அதன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைப் பிரிட்டனில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2022இல் முடிவு வந்தது: அழற்சியின் அடையாளங்கள் இறங்கின, நுரையீரல் நாளத் தடையில் சீரான முன்னேற்றம் இல்லை. அதே ஆய்வில் பிறவியிலேயே இந்த ஏற்பியின் செயல் மாறுபட்டவர்களின் மரபணுத் தரவையும் பார்த்தனர். அந்த மாறுபாடு நோய் வரும் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யவில்லை. இரும்புச் சத்துக் குறைபாட்டிலும் ஏறத்தாழ இதே கதைதான். நோயாளிகளிடம் அது மிகுதி, இருப்பவர்களின் நிலை மோசம். ஐரோப்பாவிலும் சீனாவிலும் நரம்பு வழியே இரும்பு ஏற்றிச் சோதித்தபோது உடலின் தாங்குதிறன் கூடவில்லை. முன்னறிவிப்பது ஒன்று, காரணமாக இருப்பது இன்னொன்று. ரத்தத்தில் உயர்ந்து நிற்கும் எல்லாவற்றையும் இறக்கப் புறப்பட்டால் நோயாளியின் காலம்தான் வீணாகும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், காரணத்தோடு கட்டுண்ட ஒரு குறியீடாக எனக்கு நம்பிக்கை தருவது பிஎம்பி9. 2000இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே, குடும்பங்களில் தொடரும் இந்த நோய்க்கு பிஎம்பிஆர்2 என்ற மரபணு காரணம் என்று கண்டன. நாளச் செல்லின் மேல் உட்கார்ந்து, 'அமைதியாக இரு, பெருகாதே' என்ற கட்டளையை வாங்கும் ஏற்பி அது. அந்தக் கட்டளையைச் சுமந்து வரும் புரதங்களில் ஒன்று பிஎம்பி9. கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் சுற்றுகிறது. அதன் மரபணுவில் பிழை உள்ள நோயாளிகளிடம் ரத்த அளவு குறைந்திருக்கிறது. கல்லீரல் நோயாளிகளில் சிலருக்கு மட்டும் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறுவது ஏன் என்ற பழைய புதிருக்கும் இது ஒரு சாவி. அவர்களிடம் பிஎம்பி9 மிகவும் தாழ்ந்திருப்பதை 2019இல் காட்டினார்கள். எதிர்த் திசையில் செல்லைப் பெருகத் தூண்டும் ஆக்டிவின் அளவும் இப்போது அளக்கப்படுகிறது. சோடாடெர்செப்ட் பிடித்துக் கட்டுவது ஆக்டிவினைத்தான். மருந்தும் குறியீடும் ஒரே பாதையில் இருப்பதால், யாருக்கு இந்த மருந்து பலன் தரும் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை இங்கிருந்து பிறக்க வாய்ப்பிருக்கிறது.

ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விட்டு ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் அளக்கும் வழியும் வந்துவிட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2017இல் 1129 புரதங்களை அளந்து, உயிர்வாழ்வை முன்னறிவிக்கும் 9 புரதங்களைப் பிரித்தெடுத்தனர். எரித்ரோபாய்டின், அபோலிப்போபுரதம்-ஈ, நோயெதிர்ப்பில் பங்கேற்கும் நிரப்புக் காரணிகள் எனப் பல திசைகளிலிருந்து வந்தவை அவை. என்டி-புரோபிஎன்பி சொல்லாத தகவலையும் தந்தன. வேறு நோயாளிக் குழுக்களில் சரிபார்த்தும் காட்டினர். சரிபார்ப்பு ஏன் உயிர்நாடி என்றால், 1129 புரதங்களை வழக்கமான 5 விழுக்காட்டு வரம்பில் சோதித்தால், ஒன்றுக்குமே தொடர்பில்லாவிட்டாலும் 56 புரதங்கள் வெறும் தற்செயலால் 'முக்கியம்' என்று மின்னும். அரிய நோய் என்பதால் நோயாளிகள் நூற்றுக்கணக்கில், அளவுகள் ஆயிரக்கணக்கில். கணினி எதையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். மற்றொரு நாட்டில், மற்றொரு ஆய்வகத்தில் அது நிற்கிறதா என்பதே உரைகல்.

2019இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைக் கொஞ்சம் வேறு கோணத்தில் அணுகினர். 281 நோயாளிகளின் 48 அழற்சிப் புரதங்களை அளந்து, யாருக்கு என்ன காரணத்தால் நோய் என்று கணினிக்குச் சொல்லாமல் கூட்டம் பிரிக்கச் சொன்னார்கள். 4 கூட்டங்கள் பிரிந்தன. தோல் இறுக்க நோயால் வந்தது, பிறவி இதயக் குறையால் வந்தது, காரணம் தெரியாதது என்று மருத்துவப் புத்தகம் போட்டிருந்த கோடுகளை அவை மதிக்கவில்லை. ஆனால் உயிர்வாழ்வில் கூட்டத்துக்குக் கூட்டம் தெளிவான வேறுபாடு இருந்தது. இன்டர்லூக்கின்-6 தடுப்பு எல்லோருக்கும் பலிக்காததை இதோடு சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அழற்சி மிகுந்த கூட்டத்துக்கு மட்டும் கொடுத்திருந்தால்?

ஆய்வுக் கட்டுரைகளில் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரத்தத்தை எப்படி எடுத்தார்கள் என்பது. உறைய விட்டுப் பிரிக்கும் சீரத்தில் தட்டணுக்கள் உடைந்து செரடோனினையும் நாள வளர்ச்சிக் காரணியையும் கொட்டிவிடும். உறையாமல் எடுக்கும் பிளாஸ்மாவில் அவை குறைவு. இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் நோயை அளக்கவில்லை, குழாயை அளந்திருக்கிறோம். சிவப்பணு உடைந்த மாதிரி, பலமுறை உறையவைத்து உருக்கிய மாதிரி, உண்ட பின் எடுத்தது, உண்ணாமல் எடுத்தது என்று எல்லாமே பொய் சொல்லும். கதீட்டர் மேசையில் கிடைக்கும் ரத்தத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நுரையீரலுக்குள் நுழையும் ரத்தத்தையும் அதைக் கடந்து வந்த ரத்தத்தையும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிடலாம். ஒரு பொருளை நுரையீரல் விடுகிறதா, உறிஞ்சுகிறதா என்று நேராகத் தெரியும். இப்படி எடுத்த ஆய்வுகள் இன்னும் மிகச் சிலவே என்பது எனக்குப் பெரிய குறை.

எல்லாவற்றுக்கும் மேல், இதுவரை பார்த்த ரத்தம் பெரும்பாலும் நோய் முற்றியவர்களின் ரத்தம். தொடக்கத்தின் அடையாளம் வேண்டுமென்றால் தொடக்கத்துக்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். அதற்கு ஒரு வாசல் இருக்கிறது: பிஎம்பிஆர்2 பிழையைச் சுமந்தும் நலமாக இருப்பவர்கள். அவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வாழ்நாளில் ஆண்களில் 14 விழுக்காடு, பெண்களில் 42 விழுக்காடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பிரான்சில் நடந்து 2021இல் வெளியான டெல்ஃபி-2 ஆய்வு அப்படிப்பட்ட 55 பேரை ஆண்டுதோறும் அழைத்துப் பரிசோதித்தது. சேரும்போதே 2 பேருக்கு நோய் இருந்தது, பின்னர் 3 பேருக்கு வந்தது. கணக்குப்படி ஆண்டுக்கு 2.3 விழுக்காடு. முன்கூட்டியே பிடிபட்ட அந்த ஐவரும் வாய்வழி மருந்துகளிலேயே குறைந்த ஆபத்து நிலையில் நிலைத்திருந்தார்கள். தாமதமாக வந்து நரம்பில் நிரந்தரக் குழாயோடு வாழ்பவர்களை நினைத்தால் இந்த ஒரு வரியின் கனம் புரியும்.

5 பேரை வைத்து எந்தப் புரதத்தையும் நிறுவ முடியாது. ஆனால் பல நாடுகள் சேர்ந்து இத்தகைய 1000 பேரைத் திரட்டி, ஒரே முறையில் ஆண்டுக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்து உறையவைத்தால், அதே விகிதத்தில் ஆண்டுக்கு 23 பேர்; 5 ஆண்டில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் நோயாளிகளாவார்கள். அவர்கள் நலமாக இருந்தபோது கொடுத்த குழாய்கள் உறைபெட்டியில் காத்திருக்கும். நோய் வராத மற்றவர்களின் குழாய்களும் அவற்றின் பக்கத்திலேயே இருக்கும்.